ஒன்பதைத் தாண்டாத காற்று

என் ஓரகத்தி யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். கடிகாரத்தைக்கூட. அவள் வேலை செய்கிற அறையில் மூன்று சுவர்க்கடிகாரங்கள் உண்டு. அதில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் மணி பத்து என்று ஒப்புக்கொள்வாள்.

பல் செட் செய்வது அவள் தொழில். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, ஈறு நிறத்தில் செட் செய்து கொடுப்பாள். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. எனக்கு வெறும் அக்கா. முடிந்த செட்டுகளை டப்பாவில் போட்டு ஸ்கூட்டரில் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். "நாலு பேர் சிரிப்பு பையில போகுது, பள்ளத்துல விட்டுடாதம்மா" என்று பெரியவர் கேலி செய்வார். பெரியவர் என்றால் அவள் கணவர், என் வீட்டுக்காரரின் அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பகலெல்லாம் ஊரார் டிக்கெட்டைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவரை அக்கா சோதிப்பாள்.

அவர்கள் இருப்பது ஐந்தாவது மாடி. நாங்கள் அதே கட்டடத்தில் மூன்றாவது. அக்கா வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான்.

வானிலை நிலையம் வீட்டுக்கு வந்ததே ஒரு சந்தேகத்தால்தான். ஒரு மாதம் அவள் ஊற்றிய பிளாஸ்டர் சரியாக இறுகவில்லை. சில நாள் நிமிஷத்தில் கல்லாகிவிடும், சில நாள் அரை மணி ஆனாலும் களிமண் மாதிரி கிடக்கும். பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறான் என்று பிளாஸ்டர் விற்பவரைப் பிடித்து உலுக்கினாள். அவர், "சரக்கு சரக்குதான்மா, உங்க ரூம்ல ஈரப்பதம் ஜாஸ்தி" என்றார். அதை அவர் சொன்னதற்காக நம்புவதா? காற்றின் ஈரத்தை அளக்கிற கருவி தேடப்போய், மழை, வெயில், காற்று எல்லாவற்றையும் அளக்கிற முழு நிலையத்தையே வாங்கிவிட்டாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் காற்றில் சுற்றுகிற மூன்று சின்னக் கிண்ணங்கள், கீழே மழை பிடிக்கிற புனல். கம்பத்தை நட்டது அவளே. பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் பிளாஸ்டர்காரர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. "இந்தத் தடவை சரி" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

கருவியோடு ஒரு மென்பொருளும் வந்தது. அது அளவுகளைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு இணையப் பக்கத்தை உருவாக்கி ஏற்றிவிடும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு விமான ஓட்டியின் அறை ஞாபகம் வந்தது. முள் ஓடுகிற எட்டு வட்டங்கள், கறுப்புப் பின்னணி, எல்லாம் புரியாத பாஷை. "இதை எவன் படிப்பான்? கண்ணைக் கட்டுது" என்று அக்கா அதைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

கணினி படித்தவள் இல்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் பல்லைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் பார்க்கிற பொறுமை கையில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு மாதிரிக் கோப்பு உண்டு. காற்றின் வேகம் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும்; மென்பொருள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அப்போதைய அளவை வைக்கும். இது புரிந்ததும் அவளைப் பிடிக்க முடியவில்லை. வட்ட முள்ளெல்லாம் போயிற்று. தலைப்பெல்லாம் தமிழானது. வெப்பம் ஏற ஏற எண் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும்படி செய்தாள். ஒருமுறை ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டதில் பக்கம் முழுக்க மஞ்சளாகி, வெப்பம் இருக்க வேண்டிய இடத்தில் மழை வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு புள்ளியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது.

"துணி காயப்போடலாமா?" என்று ஒரு பெட்டி வைத்தாள். ஈரப்பதமும் மழையும் பார்த்து அதுவே "போடலாம்", "வேண்டாம்", "போட்டுட்டு வீட்டுல இருங்க" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். எங்கள் கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் பிடிக்கும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பழைய கோப்பைத் தேதி போட்டு எடுத்துவைப்பாள். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு யாராச்சும் உள்ள புகுந்து மாத்திட்டு நான்தான் பண்ணேன்னு சொன்னா?" என்றாள்.

யார் புகப்போகிறார்கள், எதற்குப் புகப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த 'யார்' நானாகிவிடுவேன்.

அடுத்ததாக, பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுகிற ஒன்றைச் சேர்த்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அந்தப் பட்டியலில் யார் வந்தார் என்று இருக்காது. எந்தப் பக்கம், எத்தனை மணி, கைபேசியா கணினியா, முன்னே வந்ததா புதுசா, அவ்வளவுதான். துணிப் பெட்டியைப் பார்க்கக் காலையில் பத்துப் பேர் வருவார்கள். அதில் புதிர் இல்லை. ஆனால் காற்றுக்கென்று தனியாக அவள் வைத்திருந்த பக்கத்துக்கு ஒரே ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை. ஒரே கைபேசி. வாரம் தவறாமல்.

"காத்தைப் பார்த்து ஒருத்தனுக்கு என்ன ஆகணும்?" என்றாள் அக்கா. அன்று அவள் முகத்தில் பழைய பிளாஸ்டர் விவகாரத்தின் களை திரும்பியிருந்தது.

முதலில் பெரியவர் மேல் சந்தேகம். ரயிலில் போகிறவர் எதற்கு வீட்டுக் காற்றைப் பார்ப்பார் என்று கேட்டால், "நான் மாடியில இருக்கேனா கீழ இருக்கேனான்னு வேவு பார்க்கறதுக்கு" என்றாள். அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அதில் சதுரங்கம் தவிர வேறெதுவும் இல்லை. பிறகு என் முறை. "உன் போனைக் கொஞ்சம் கொடு, ஒரு நம்பர் எடுக்கணும்" என்றாள். கொடுத்தேன். நம்பர் எதுவும் எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் விரலால் மேலும் கீழும் தள்ளிவிட்டுத் திருப்பித் தந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று பட்டுவாடா செய்ய ஆறு செட் இருந்தது, டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே பக்கத்தின் வழியாக ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை. "கடைசி ஒரு மணி நேரத்தில அதிகமா அடிச்ச காத்தையும் சேர்த்துப் போடுங்க. எழுத்து பெருசா இருந்தா நல்லது."

"எழுத்து பெருசா!" என்று அக்கா கையைத் தட்டினாள். "மாட்டிக்கிட்டாரு பார்."

எங்கள் கட்டடத்து நலச் சங்கத்தின் செயலாளரைத்தான் சொல்கிறாள். ஓய்வுபெற்ற மனிதர், தடித்த கண்ணாடி போட்டவர். கம்பம் நட்ட நாளிலிருந்தே அவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. பெருங்காற்றில் அது பிடுங்கிக்கொண்டு யார் தலையிலாவது விழும் என்று கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவருக்குப் பதில் சொல்கிற மாதிரி அக்கா தண்ணீர்த் தொட்டியின் மேல் தன் பக்கத்தின் முகவரியைச் சிவப்புப் பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு எழுதிவைத்திருந்தாள். இப்போது அக்காவின் கணக்கு இப்படிப் போனது: செயலாளர் தினமும் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொள்கிறார். அதிகமாக அடித்த காற்றையும் கேட்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து, கம்பத்தால் ஆபத்து என்று மனு எழுதி, அவள் கருவி காட்டிய அளவை வைத்தே அவள் கருவியைப் பிடுங்கப் பார்க்கிறார்.

"அக்கா, அவருக்குப் போன்ல பேசவே பேரன் வேணும்" என்றேன்.

"அப்படித்தான் நடிப்பாங்க."

அவள் செய்த காரியத்தை எனக்கு அப்போது சொல்லவில்லை. பிறகுதான் சொன்னாள். காற்றுப் பக்கத்தின் மாதிரிக் கோப்பைத் திறந்தாள். கேட்டபடியே எழுத்தைப் பெரிதாக்கினாள், கைபேசித் திரையை அடைக்கிற அளவுக்கு. அதிகபட்சக் காற்றுக்கு ஒரு வரி சேர்த்தாள். பிறகு, கருவியின் அளவு வர வேண்டிய அந்த அடைப்புக்குறிச் சொல்லை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு எண்களை மாற்றி மாற்றிக் காட்டும்படி எழுதினாள்; அதிகபட்ச வரியில் ஒன்பது. ஒரே எண் நின்றால் கிழவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அத்தனை கவனம். வெளியே புயலே அடித்தாலும் அந்தப் பக்கத்தில் காற்று மணிக்கு ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டாது. மனுவில் இந்த எண்கள் வந்தால் ஆள் கையும் களவுமாகச் சிக்குவார். வராவிட்டாலும், ஒன்பது கிலோமீட்டர் காற்றில் எந்தக் கம்பமும் விழாது. மற்ற பக்கங்களையும், தினசரி வரைபடத்தையும் அவள் தொடவில்லை. பழைய கோப்பை வழக்கம்போல் தேதி போட்டு எடுத்துவைத்தாள்.

இது நடந்தது திங்கட்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் காற்று உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது. மூன்றரைக்கு மேல் மேற்கே வானம் செம்மண் நிறத்துக்கு மாறியது. நான் மறுநாள் கொடுக்க வேண்டிய டப்பாக்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மெழுகில் ஒரு கீழ்த்தாடையைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவு இரண்டு தடவை அறைந்தது. நான் எழுந்துபோய்க் கொக்கி போட்டேன். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து தகரக் கூரை மேல் லாரி ஏறின மாதிரி ஒரு சத்தம். பிறகு ஆட்களின் கூச்சல்.

எங்கள் தெருவுக்கு எதிரே ஒரு பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பத்து மாதமாக அங்கே ஒரு டவர் கிரேன் நின்றது. நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்து அது இருப்பதையே மறந்திருந்தோம். இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். கிரேன் தூக்கிய பெரிய பலகை அடுக்கு காற்றில் ஊசலாடி, கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தில் மோதியிருந்தது. சாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. ஒரு கம்பி கட்டுகிற தொழிலாளி ஒரு தளம் கீழே இருந்த வலையில் விழுந்து, வலையோடு சேர்ந்து பலகையில் அடிபட்டிருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. கை அசைந்தது. உயிர் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் தலைக்கு மேலே கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

அக்கா அவற்றை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கிரேனின் உச்சியில் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்தாள். பிறகு தொட்டியில் தான் எழுதிய சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். அது அந்தக் கண்ணாடி அறையை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே இறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே போனபோது அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வருகைப் பட்டியல் திறந்திருந்தது. மூன்று ஐம்பத்திரண்டிலிருந்து அந்தக் கைபேசி நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்திருந்தது. நான்கு ஆறுக்குக் கடைசி. அதன்பிறகு வரவேயில்லை.

"ஞாயித்துக்கிழமை வராது. மத்தியானம் ஒரு மணிலேருந்து ரெண்டு வரைக்கும் வராது" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இது எனக்கு ஏன் தோணல? சாப்பாட்டு நேரம்கூடத் தெரிஞ்சுது. ஏன் தோணல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டு வரியிலும் அடைப்புக்குறிச் சொல்லை வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பக்கம் புதிதாக ஏறியது. காற்று முப்பத்தொன்று. கடைசி ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் நாற்பத்தெட்டு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், கண் சிவந்திருந்தது. காலில் போட்டிருந்த கனமான ஷூவை வாசலிலேயே கழற்ற ஆரம்பித்தார்.

"கழற்ற வேண்டாம். யார் வேணும்?" என்றாள் அக்கா, கதவைப் பாதிதான் திறந்து.

"தொட்டியில எழுதியிருக்கிற அந்தப் பக்கத்தை நடத்துறது நீங்கதானாம்மா? நான் எதிர்ல கிரேன் ஓட்டுறவன்." கைபேசியை நீட்டினார். "நேத்து நாலு மணிக்கு இதுல எட்டு, ஒன்பதுன்னுதான் காட்டுச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். இப்ப நேத்தைய வரைபடத்தைத் திறந்தா நாப்பத்தெட்டுன்னு இருக்கு. இன்ஜினியர் நம்ப மாட்டேங்கிறாரு. காத்து தெரிஞ்சும் தூக்கினேன்னு எழுதிட்டாங்க. எட்டுன்னு காட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள். இன்னொரு கைபேசி வைத்துப் பேச்சைப் பதிவு செய்கிறாரோ என்று பார்த்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். இந்த ஆளை அனுப்பியது யார், தன் வாயால் ஒப்புக்கொள்ள வைத்து மாட்டிவிடப் பார்க்கிறார்களோ என்று ஓடியதாம் மனசு.

"எனக்குத் தெரியாதுங்க. மெஷின்தானே, சமயத்துல தப்பா காட்டும்" என்றாள்.

"எட்டு மாசமா தப்பா காட்டினதே இல்லம்மா."

அக்கா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அவர் கைபேசியைப் பையில் வைத்தார். கழற்றத் தொடங்கிய ஷூவின் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று அவள் ஒரு பல்லும் பதிக்கவில்லை. ஈரப்பதம் கூடுதல் என்றாள். திரையில் ஐம்பத்தைந்துதான் இருந்தது.

சாயங்காலம் பெரியவர் வந்ததும் விஷயம் வெளியே வந்தது. அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "இத பாரு, நீ ஒண்ணும் கிரேன் கம்பெனிக்குக் காத்து சொல்றேன்னு எழுதிக் கொடுக்கல. உன் வீட்டு மாடி, உன் மெஷின், உன் பக்கம். நீயா போய்த் தலையைக் கொடுக்காத."

"அவர் வேலை போயிடும்."

"போலீஸ் வந்தா?"

"வரட்டும்."

"நீ யாரையுமே நம்ப மாட்டியே. அந்த ஆளு சொல்றது நெஜம்னு மட்டும் எப்படி நம்புற?"

"அவரை நான் நம்பல" என்றாள் அக்கா. "பொய் எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்ல. அதுல சந்தேகமே இல்ல."

வெள்ளிக்கிழமை காலை கணினியை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினாள். தெருவைக் கடந்தால் எதிர்ப்பக்கம்தான், நடந்தே போகலாம். ஆனால் நடந்தால் பாதியில் திரும்பிவிடுவேன் என்றாள்.

கட்டுமான அலுவலகம் என்பது ஒரு இரும்புக் கன்டெய்னர். உள்ளே ஒரு நீள மேசை, சுவரில் வரைபடங்கள், மூலையில் மஞ்சள் தலைக்கவசங்கள். சைட் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். எதிரே அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வாளர், ஒரு நடுத்தர வயதுப் பெண், ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டுநர் சுவரை ஒட்டி நின்றிருந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. கணினியைத் திறந்து, திங்கட்கிழமைத் தேதி போட்ட கோப்பையும், அதற்கு முந்தையதையும், புதன் மாலை திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எங்கே எண்ணை எடுத்தாள், எங்கே நான்கு எண்ணை எழுதினாள் என்று விரல் வைத்துச் சொன்னாள். வருகைப் பட்டியலையும் காட்டினாள். நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்த அந்த வரிகளை ஆய்வாளர் குனிந்து படித்தார்.

"அப்ப வேணும்னே பொய்க் கணக்கு போட்டீங்க?" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உங்களால ஒரு ஆள் ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

"தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்." அக்கா மூச்சு விட்டுக்கொண்டாள். பிறகு அவளுடைய பழைய குணம் தலைதூக்கியது. "நான் பல் கட்டுறவ சார். என் மாடியில இருக்கிறதைப் பார்த்து இவர் எதுக்கு கிரேன் ஓட்டணும்? இவ்வளவு பெரிய கிரேன்ல காத்து அளக்கிற மீட்டர் இருக்காதா?"

இன்ஜினியர் ஒரு காகிதத்தை எடுத்து இன்னொரு காகிதத்தின் மேல் வைத்தார்.

"இருக்கணும்" என்றார் ஆய்வாளர், பேனாவை மூடாமல். "நாப்பதைத் தாண்டினா அதுவே அலாரம் அடிக்கணும். இருக்கா?"

"உடைஞ்சு ஒன்பது மாசமாச்சு மேடம்" என்றார் ஓட்டுநர். "மூணு தடவை நோட்டுல எழுதிட்டேன். மேலேருந்து பார்த்தா தொட்டியில அட்ரஸ் தெரிஞ்சுது. அதுலதான் பார்த்துக்கிட்டு வந்தேன். புதன்கிழமை எனக்கே சந்தேகமா இருந்துச்சு, கேபின் ஆடுது. வாக்கி டாக்கில சொன்னேன். அந்தப் பக்கத்துல எவ்வளவு காட்டுதுன்னு சார்தான் கேட்டாரு. எட்டுன்னேன். அப்புறம் என்ன, தூக்குன்னாரு."

"அப்படி நான் சொல்லவேயில்ல."

ஆய்வாளர் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. மூன்று தேதிகளும் இருந்தன. மூன்றுக்கும் கீழே இன்ஜினியரின் கையெழுத்தும் இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார். "நேத்து ராத்திரி எங்க வீட்ல யாரும் சாப்பிடல."

"சொல்லியிருக்கணும்."

"என்மேல உங்களுக்கு என்ன சந்தேகம்மா?"

"உங்க மேலன்னு இல்ல. யாருன்னே தெரியாது. தெரியாதவங்கன்னா எனக்கு..."

"நானும் உங்களைத் தெரியாமதான் நம்பினேன்" என்றார் அவர். அதில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு, "ஆனா எழுத்தைப் பெருசாக்கிட்டீங்க. ரெண்டு கையும் லீவர்ல இருக்கும், ஓரக்கண்ணால பார்க்கணும். அதுக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலையே அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டுதான். அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன. இருபத்தெட்டு வயது. அக்கா கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். "நெஜமா எவ்வளவு காத்து அன்னிக்கு?"

"நாப்பத்தெட்டு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் உடன்பிறந்தவள் எங்களைப் போகச் சொல்லித் தலையசைத்தாள். அக்கா அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் போனாள். ஒரு தடவைகூட அவர் எங்களை வாங்க என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வாளர் வேலையை நிறுத்திவைத்தார். புது மீட்டர் வராமல் கிரேன் அசையக் கூடாது என்று கன்டெய்னர் கதவில் தாள் ஒட்டினார்கள். இன்ஜினியர் மேல் விசாரணை வந்தது, அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஓட்டுநர் மேல் எழுதியதை அடித்துவிட்டார்கள். அக்காவைக் காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். எச்சரிக்கையோடு முடிந்தது. எழுதி வாங்கியதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம். அந்தப் போலீஸ்காரர் பாவம்.

செயலாளரை அவள் படிக்கட்டில் பிடித்து நேராகக் கேட்டாள். "நீங்க என் பக்கத்தைப் பார்ப்பீங்களா?"

"எந்தப் பக்கம்?" என்றார் அவர். "நான் உங்க கம்பத்தைத்தான் பார்க்கிறேன். காத்தடிச்சா எனக்குத் தூக்கம் வரதில்ல. என் ரூமுக்கு நேர் மேல நிக்குது."

அக்கா அன்றே ஆள் கூப்பிட்டுக் கம்பத்தை நான்கு பக்கமும் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினாள். அவர் வந்து ஒவ்வொரு கம்பியையும் அசைத்துப் பார்த்தார். திருப்திதான். ஆனாலும், "ஒருத்தர் பார்க்கவே இல்லன்னா, பார்க்கிறீங்களான்னு கேட்டதும் எந்தப் பக்கம்னு ஏன் கேட்கணும்?" என்று அக்கா என் காதைக் கடித்தாள். வேறு எந்தப் பக்கம் கேட்பார் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

பக்கத்தை மூடிவிடச் சொன்னார் பெரியவர். அவள் மூடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் அது எத்தனை மணிக்கு, எங்கிருந்து வந்தது என்று இப்போது இருக்கிறது. கருவியிலிருந்து பத்து நிமிஷம் புது அளவு வராவிட்டால் எண் மறைந்து "தெரியாது" என்று வரும். அவள் எதையாவது கையால் மாற்றினால், மாற்றப்பட்டது என்று அதுவே சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும். தன்னைத் தானே வேவு பார்க்க ஒரு ஏற்பாடு. அதை எழுதும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. காற்றுப் பக்கத்தின் தலையில், "இது ஒரு வீட்டு மாடியின் அளவு. இதை நம்பி யாரும் உயரத்தில் வேலை செய்ய வேண்டாம்" என்று எழுதினாள். எழுத்து பெரியது.

புது மீட்டர் வந்து கிரேன் மறுபடி அசைந்தது பதினோராவது நாள். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரும்புக் கை மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. கண்ணாடி அறைக்குள் ஓட்டுநர் ஒரு கையைத் தூக்கினார். அக்காவும் அரைகுறையாகக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"எனக்கா காட்டினாரு?" என்றாள். "இல்ல கீழ கொடி பிடிச்சு நிக்கிறவனுக்கா?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

நான் சொல்வதை நம்பலாமா என்று என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு துணியை மடிக்க ஆரம்பித்தாள்.